சப்பாத்துப் போட்ட எழுத்து

சுவரில் பெயர் பதித்த மறுநாள், நஸ்லியாவின் வீடு நஸ்லியாவை உள்ளே விட மறுத்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல் படியில் ஏறக் காலைத் தூக்கினா. படி ஒரு சாண் பின்னால் போனது. தூக்கிய காலை வைக்க இடமில்லாமல் கொஞ்சம் தடுமாறி, மறுகா இன்னும் ஒரு எட்டு வைத்துப் பார்த்தா. படியும் இன்னும் ஒரு சாண் போனது. கைப்பையில் இருந்து திறப்பை எடுத்து எட்டிக் கதவில் போடப் பார்த்தா, பூட்டுத் துவாரம் அடைபட்டுக் கிடந்தது. அன்றைக்கு நற்பிட்டிமுனையில் நல்ல வெயில். வயல் வட்டையில் நெல் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது, சந்தையில் கீரை மலிவு, வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

தெரியாத ஆட்களுக்காக இதையும் சொல்லி வைக்க வேண்டும். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. உம்மா மகளுக்குக் கொடுப்பா, மகள் தன் மகளுக்குக் கொடுப்பா. ஆம்பிளை கல்யாணத்தன்று ஒரு சூட்கேசோடு வந்து ஏறுவார். சண்டை வந்தால் அதே சூட்கேசோடு இறங்கித் தன் உம்மா வீட்டுக்கோ ராத்தா வீட்டுக்கோ போய்ச் சேருவார். ரெண்டு நாளில் பள்ளிவாசல் ஆட்கள் தோளில் கை போட்டுக் கூட்டி வந்து விடுவார்கள். உலகத்தில் வேறு எங்கே எப்படியோ, எங்கட பக்கம் கோபித்துக்கொண்டு போவது ஆம்பிளையின் வேலை. நளீமும் மாவடிப்பள்ளியில் இருந்து அப்படி வந்து ஏறினவர்தான். வீடு நஸ்லியாவின் உம்மா ஹவ்வா உம்மா கட்டினது. மேசன்மாருக்கு நடுவில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்று, சுவர் ஒரு நூல் சரிந்தாலும் இடித்துக் கட்ட வைத்த மனிசி. அவ மௌத்தான பிறகு வீடு நஸ்லியாவுக்கு வந்தது. நஸ்லியாவுக்கும் நளீமுக்கும் ஒரே மகன் றினாஸ், அவன் அட்டாளைச்சேனைக்கு மாப்பிள்ளையாகப் போய்விட்டான். வீட்டில் புருஷனும் பெண்சாதியும் மட்டும். புருஷனுக்குக் கல்முனையில் பெனர் அடிக்கிற கடை, பெண்சாதி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். நல்ல சோடி, சும்மா சொல்லக்கூடாது.

எல்லாம் ஒரு எழுத்தால் வந்தது. நளீமின் கடையில் கொம்பியூட்டரில் இருந்து வேலை செய்வது உசாந்தினி. பாண்டிருப்பில் வீடு, ரெண்டு பிள்ளைகளின் தாய், கையில் வித்தை உள்ளவ, வாயும் குறைவில்லை. பெற்றோல் வரிசை முடிந்த வருசம் அவவுக்கு ஒரு வெறுப்பு வந்தது. ஊரில் எந்தப் பெயர்ப் போட்டைப் பார்த்தாலும் ஒரே எழுத்து. புரியாணிக் கடைக்கும் அதுதான், பல் டொக்டருக்கும் அதுதான். "எது திங்கிற இடம், எது பல்லுப் புடுங்கிற இடம் எண்டு தெரியுதில்ல காக்கா" என்று அண்ணன் முறை வைத்து நளீமிடம் சொல்லிவிட்டு, தானே ஒரு எழுத்துக் கீறத் தொடங்கினா. நிமிர்ந்த கோடெல்லாம் நல்ல தடிப்பு, வளைகிற இடத்தில் மட்டும் மெலிவு. ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் நீட்டி ஒரு அடிப்பட்டை. ண-வின் சுழிகள் தடிப்பில் அடைபட்டுப்போய் ஒரு கிழமை அவவைப் படாத பாடு படுத்தின. ழ-வின் வாலைப் பிடித்து நிறுத்த அதற்கு மேல். மெய்யெழுத்தின் புள்ளியை வட்டமாக வைக்காமல் நெல்மணியாகச் சரித்து வைத்தா. கீறி முடித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றது. கொம்பியூட்டரில் உசாந்தினி அதற்கு என்னமோ பெயர் வைத்தா, அது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. ஊர் வைத்த பெயர் சப்பாத்து எழுத்து.

அதன் குணத்தைச் சொல்வதென்றால், அது கதைக்கிற எழுத்து இல்லை, கூப்பிடுகிற எழுத்து. கல்யாண அழைப்புக் காட்டில் முகவரிக்குப் போட்டால் எறும்பு மொய்த்தது போலாகிவிடும். பெரிதாகப் போட வேண்டும், ரெண்டு சொல்லு, கூடிப்போனால் மூன்று. அதற்கு மேல் போட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிற வீடு மாதிரி ஒன்றும் விளங்காது. ஆனால் ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் வெட்டி வைத்தால், எழுதின சொல்லு சொன்னபடி நிற்கும். தம்பையாவின் மீன்வாடிக்கு "ஐஸ் உண்டு" என்று அடித்துக் கொடுத்தார்கள். அன்றோடு அந்த வாடியில் ஐஸ் கரைவது நின்றது, தம்பையா ஐஸ் வாங்கப் போவதையே விட்டுவிட்டார். ஒரு வாசிகசாலைக்கு "அமைதி" என்று போனது. அதற்குப் பிறகு அங்கே கதிரை விழுந்தாலும் சத்தமில்லை, தும்மினால் வாய் மட்டும் திறந்து மூடும். நூலகர் பாம்பைக் கண்டு கத்தினது ஒருவருக்கும் கேட்காமல் போனதால் போட்டைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தார்கள், அலுமாரி மட்டும் இன்றைக்கும் சத்தமில்லாமல் திறக்கும். மார்கழிக் காற்றில் சுந்தரம்மாவின் இடியப்பக் கடைப் பெனர் கிழிந்து காரைதீவுப் பக்கம் பறந்துபோனது. எழுத்துகள் போகவில்லை, கடைக்கு முன்னால் அந்தரத்தில் அப்படியே நின்றன. நாலைந்து நாள் காகங்கள் அதில் வந்து குந்தின. சுந்தரம்மா காகம் கலைக்க ஒரு கம்பு வைத்துக்கொண்டா, வேறு யோசிக்கவில்லை. ஊர்ச் சனமும் வாய் பிளக்கவில்லை. கடைக்கு வந்து, "சிவப்புல வருமா?" என்றுதான் கேட்டார்கள்.

ஊர்ப் பெயரெல்லாம் அந்த எழுத்தில் அடித்துக் கொடுத்த நளீமுக்குத் தன் பெயரையும் அதில் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை வந்தது. மனிசன்தானே. கறுப்புத் தகட்டில் "நளீம் மன்சில்" என்று வெட்டினார். மன்சில் என்றால் வீடுதான், கொஞ்சம் வசதியான ஆட்கள் வாசலில் போடுகிற சொல்லு. போட்டாக அடித்து ஆணியில் கொழுவியிருந்தால் கழற்றலாம், கதையும் அன்றோடு முடிந்திருக்கும். அவருக்கு அது போதவில்லை. வாசல் தூணுக்குப் பக்கத்துச் சுவரில் ஈரச் சீமெந்து பூசி, எழுத்துகளை ஒவ்வொன்றாக அதில் நேரே பதித்தார். நஸ்லியா வந்து பார்த்தா. "வடிவாத்தான் இரிக்கி" என்றா. கூட ஒரு சொல்லுச் சொல்லவில்லை. பெண்சாதி கூட ஒரு சொல்லுச் சொல்லாவிட்டால் பயப்பட வேண்டும் என்பது ஊரில் கல்யாணம் முடித்த எல்லாருக்கும் தெரியும், நளீமுக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு அவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள்தான் படி பின்னால் போனது. செய்தி கேட்டு நளீம் கடையைப் போட்டபடி போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஓடி வந்தார். அவர் கேற்றைத் தொட முன்னமே கதவு தானாகத் திறந்தது, யன்னல்கள் திறந்தன, உள்ளே காற்றாடி சுற்றத் தொடங்கியது. நஸ்லியாவின் சாரிகள் நன்றாக மடிக்கப்பட்டு முற்றத்தில் ஒரு கதிரையில் இருந்தன. நளீம் அவவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகப் பார்த்தார், படி அவரை ஏற்றிக்கொண்டு அவவைக் கீழேயே விட்டுவிட்டது. கிணற்றில் அவ அள்ளினால் வாளி வெறுமையாக வந்தது, அவர் அள்ளினால் வழிய வழிய வந்தது. நஸ்லியா வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தா. "சரி. ஊடு உங்கடதான். இரிங்க" என்றா. சாரிகளை எடுத்துக்கொண்டு, ரெண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற தன் கூடப்பிறந்த ராத்தா சுபைறாவின் வீட்டுக்கு நடந்து போனா. உம்மா கட்டின வீடு முகத்தைத் திருப்பிக்கொண்டது அவவுக்கு ஆறாத கவலை. அதை அவ சுபைறாவுக்கு மட்டும் சொன்னா. "உம்மா ஊட்டுல கிடக்கிற பூனையைக்கூட இப்பிடித் தொரத்த மாட்டாங்க ராத்தா. நான் அதுல பொறந்தவ" என்றா.

பள்ளிவாசல் ஆட்கள் வழக்கப்படி வந்தார்கள். காலங்காலமாக அவர்கள் ஆம்பிளையின் தோளில் கை போட்டு, "ஊட்ட போங்க தம்பி" என்று சொல்லிப் பழகினவர்கள். இப்போது ஆம்பிளை ஊட்டில்தான் இருக்கிறார். தலைவர் அதாவுல்லா ஹாஜியார் தாடியைத் தடவி, "இதுல யார யாருட ஊட்ட அனுப்புற?" என்று கேட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினார்கள்.

வீடு நளீமுக்குக் கொடுத்த செல்லம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் இருமினால் யன்னல்கள் காற்றை மறித்துச் சாத்திக்கொள்ளும். அவர் கடைக்குப் போனால் வீடு கல்முனைப் பக்கம் சரிந்து பார்த்துக்கொண்டிருக்கும். பின்சுவரில் ஒரு வெடிப்பே விழுந்தது. ஹவ்வா உம்மா இருந்திருந்தால் இடித்துக் கட்ட வைத்திருப்பா. ஆனால் அந்தச் செல்லத்தால் ஒரு பிடி சோறு இறங்கவில்லை அவருக்கு. நஸ்லியா இல்லாத வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு போடுவது என்றுகூட அவருக்குத் தெரியாது. தனக்கு எவ்வளவு சீனி வேண்டும் என்று இத்தனை வருசத்தில் அவர் யோசித்ததே இல்லை. மனிசன் மெலிந்து, சாரன் இடுப்பில் நிற்காமல் போனது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்; கடைக்கு வந்தவர்கள், "மன்சில்காரர் எப்பிடி சொகம்?" என்று பகிடி பண்ணினார்கள். அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

எழுத்தைக் கழற்ற அவர் செய்யாத வேலை இல்லை. அலவாங்கு போட்டுக் கெம்பினார், அலவாங்கு வளைந்தது. எழுத்தின் சப்பாத்துகள் சீமெந்தைத் தாண்டி, கல்லைத் தாண்டி, அத்திவாரம்வரை இறங்கிவிட்டன என்று மேசன் மீராசா தட்டிப் பார்த்துச் சொன்னார். மேலே பெயின்ற் அடித்தார்கள், பெயின்ற் வழிந்து நிலத்துக்கு வந்தது. சாக்கால் மூடினார்கள், நடுப்பகலில் வீட்டுக்குள் இருட்டு விழுந்தது. கடைசியில் உசாந்தினியிடம் போய் நின்றார். அவ கொம்பியூட்டரில் இருந்து திரும்பாமலே சொன்னா: "அழிக்க ஏலாது காக்கா. நான் அதுகள நிக்கிறதுக்குத்தான் கீறினன். சேர்க்கத்தான் ஏலும்."

சேர்த்துப் பார்த்தார்கள். முதலில் "நஸ்லியா" என்று வெட்டி முன்னால் பதித்தார்கள். "நஸ்லியா நளீம் மன்சில்." ஆள் அனுப்பி நஸ்லியாவைக் கூப்பிட்டார்கள். அவ வந்தா. கேற் திறந்தது, வாசல்வரை விட்டது. வீட்டுக்குள் இருந்து ஒரு கதிரை தானாக வந்து முற்றத்தில் நின்றது, பக்கத்தில் ஒரு முக்காலி, அதில் ஒரு கிளாஸ் தண்ணி. படி மட்டும் வரவில்லை. வந்த ஆட்களுக்கு வைக்கிற கதிரை அது. நஸ்லியா கதிரையைப் பார்த்தா, தண்ணியைப் பார்த்தா, நளீமைப் பார்த்தா. "என்ட ஊட்டுல நான் விருந்தாளியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனா. அந்தக் கேள்வி நளீமின் நெஞ்சில் போய்க் குத்தியது. அன்றைக்கு அவர் கடை திறக்கவில்லை.

அடுத்தது, இடையில் ரெண்டு எழுத்துச் சேர்த்து "நஸ்லியாவின்" என்று ஆக்கினார்கள். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. வீடு அசையவே இல்லை, காதில் விழாதது மாதிரி இருந்தது. அதிலும் ஒரு புதினம், மற்ற எழுத்தெல்லாம் சுவரைப் பிடித்துக்கொள்ள, அந்த "வின்" மட்டும் அன்று பின்னேரமே கழன்று பூச்சாடிக்குள் விழுந்தது. நளீம் அதைப் பொறுக்கிக்கொண்டு கடைக்கு வந்து, மேசையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

உசாந்தினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "காக்கா, டீச்சர் ஊட்டுல உங்கள என்னெண்டு கூப்பிடுவா?"

"றினாஸ்ட வாப்பா எண்டு."

"உங்கட மாமி ஹவ்வா உம்மா உசிரோட இருக்கக்குள்ள ஊட்டுல என்னெண்டு கதைப்பா?"

"எல்லாரும் கதைக்கிற மாதிரித்தான். உம்மாட வெத்திலத் தட்டு, சுபைறாட சாரி, றினாஸ்ட பந்து."

"அப்ப அந்த ஊட்டுக்கு ‘வின்’ தெரியாது காக்கா. பொறந்ததுல இருந்து ஒரு ஆளும் அதுக்கிட்ட ‘வின்’ எண்டு கதைச்சதில்ல. அதுக்கு ‘ட’ தான் தெரியும்."

நளீம் துள்ளி எழும்பினார். பெனர்க் கடைக்காரன் வீட்டு வாசலில் எழுத்துப் பிழையா, அதுவும் பெண்சாதி தமிழ் டீச்சராக இருக்க, பிள்ளைகளின் கொப்பியில் "ட" கண்டால் சிவப்புப் பேனையால் சுற்றுகிற மனிசியாக இருக்க! ஊர் சிரிக்கும் என்றார். ஊர் இப்பவும் சிரித்துக்கொண்டுதான் இருக்கு என்று உசாந்தினி சொன்னா. சொல்லிக்கொண்டே கொம்பியூட்டரில் அடித்துக் காட்டினா. சப்பாத்து எழுத்தில் மிகவும் வடிவான எழுத்து ட-தான், ஒரு சுவரும் ஒரு நிலமும், வேறொன்றும் இல்லை. நஸ்லியாட நளீம் மன்சில். நளீம் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"தங்கச்சி, நான் நஸ்லியாட மன்சில் எண்டு வரும் எண்டு நெனச்சன். இது நஸ்லியாட நளீம் எண்டுதானே வருகுது?"

"ரெண்டும் வரும் காக்கா. உங்களுக்குக் கூச்சமெண்டா நடுவுல ஒரு கமா போடுறன்."

நளீம் திரும்பக் கதிரையில் குந்தினார். சூட்கேசோடு வந்து ஏறின நாளில் இருந்து தான் யாருடைய ஆள் என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆம்பிளைகள் சொல்கிற கதையா அது? "கமா வேணாம்" என்றார். "சரியாத்தான் வந்திரிக்கி. வெட்டுங்க."

அன்று பின்னேரமே பதித்துவிட்டார். ஆள் அனுப்பவில்லை, அனுப்ப முகமும் இல்லை. அடுத்த நாள் நஸ்லியாவின் வகுப்பில் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "டீச்சர், உங்கட ஊட்டுச் சுவர்ல எழுத்துப் பிழை" என்றது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. நஸ்லியா அன்றைக்குப் படிப்பித்ததை முடித்து, பள்ளிக்கூடம் விட்டதும் சுபைறாவின் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே நடந்தா. கையில் சிவப்புப் பேனை. மற்றதெல்லாம் பொறுத்தாலும் பொறுப்பா, தன் பெயரில் பிழை தொங்குவதை அவ பொறுக்க மாட்டா. ஒழுங்கைச் சனம் பின்னால் வந்தது. ஆட்டிறைச்சிக்கடை முபீன் கத்தியையும் வைக்காமல் வந்தார்.

வாசித்துப் பார்க்காமல் பிழை திருத்தக்கூடாது என்பது டீச்சரின் கொள்கை. கேற்றடியில் நின்று, வகுப்பில் வாசிக்கிறது மாதிரிச் சத்தமாக வாசித்தா. "நஸ்லியாட" என்று முகத்தைச் சுளித்தா. அடுத்ததாக "நளீம்" என்றா, அதோடு நின்றுவிட்டா. எங்கட பக்கத்தில் பெண்சாதி புருஷனின் பெயரை வாயால் சொல்வதில்லை. கல்யாணம் முடித்த நாளில் இருந்து அந்தப் பெயர் நஸ்லியாவின் வாயில் வந்ததே இல்லை. டொக்டர் கேட்டால்கூட ஒரு துண்டில் எழுதித்தான் கொடுப்பா. இப்போது நடு ஒழுங்கையில், இத்தனை சனத்துக்கு முன்னால், சொல்லியாயிற்று. முற்றத்தில் தென்னைக்குப் பக்கத்தில் நின்ற நளீம் கேட்டார். அவர் காது ரெண்டும் சிவந்துபோனது.

"பிழை" என்றா நஸ்லியா.

"ஓம், பிழைதான்" என்றார் நளீம். "எல்லாம் என்ட பிழைதான். எழுத்துல இல்ல."

நஸ்லியா சுவரைப் பார்த்தபடி நின்றா. பேனையின் மூடியைத் திறந்தா, திருப்பி மூடினா. "அது இரிக்கட்டும்" என்றா.

படி வந்தது. பழைய இடத்தோடு நிற்காமல், முற்றத்து மணலைத் தாண்டி, கேற்றைத் தாண்டி, அவவின் செருப்படியில் வந்து நின்றது. நஸ்லியா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினா, படி அவவை ஏற்றிக்கொண்டு வாசலுக்குத் திரும்பியது. பின்சுவர் வெடிப்பு மூடிக்கொண்ட சத்தம் வெளியில் நின்றவர்களுக்கும் கேட்டது. நஸ்லியா நேரே குசினிக்குப் போனா. "அல்லாஹ்வே, சட்டியெல்லாம் இப்பிடியா வைக்கிற? மனிசர் இருந்த ஊடா இது?" என்று அவ ஏசத் தொடங்கினது கேட்டதும் நளீமுக்கு உயிர் வந்தது. சனம் தங்கள் தங்கள் பாட்டுக்குக் கலைந்து போனது. முபீனின் கடையில் பூனை புகுந்திருந்தது.

அதற்குப் பிறகு நளீமின் கடையில் "ட" வெட்டி மாளவில்லை. முதலில் வந்தது முபீன், "நஜ்லாட முபீன்" என்று அடிக்கச் சொல்லி; அவருக்கு நஜ்லாவோடு ஒரு பிரச்சினையும் இல்லை, வெறும் ஆசைதான். இப்போது நற்பிட்டிமுனையில் ஒழுங்கைக்கு நாலு கேற்றிலாவது அந்தப் பிழை இருக்கிறது. நஸ்லியா டீச்சர் வகுப்பில் இன்றைக்கும் கொப்பியில் "ட" கண்டால் சிவப்பால் சுற்றுகிறா. "சுவரில எழுதினாத்தான் சரி, கொப்பியில பிழை" என்று பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்கிறா, பிள்ளைகளும் அதை அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். ஊரில் நளீம் என்ற பெயரில் ஒரு படை இருப்பதால் இவரை முன்பு பெனர் நளீம் என்பார்கள், அது போய்விட்டது. போன கந்தூரிக்குச் சோறு கொடுக்கும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அதாவுல்லா ஹாஜியார் பெயர் கூப்பிட்டார். "நஸ்லியாட நளீம்! நஸ்லியாட நளீம் வந்திரிக்காரா?" ஒருவரும் சிரிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நளீம் கூட்டத்துக்குள் இருந்து கையை உயர்த்தி, "ஓம், இஞ்ச இரிக்கன்" என்று சொல்லிச் சட்டியை நீட்டினார்.